மார்க் இல்லாத பீரியட்

என் மகள் ஆன்சி மதம் மாறப் போகிறாள் என்று நான் நம்பினேன். என் கையில் இருந்த ஒரே ஆதாரம் ஊளி மீன் குழம்பு.

போன வாரம் என் ஸ்கூட்டர் உப்பளத்துக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் எதற்குத்தான் பயப்பட மாட்டீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் இதைப் படித்ததும் அவரே அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்வார்.

ஐப்பசி மாதம். தீபாவளிப் புகை அடங்கியிருந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்து கை கால் கழுவியதும் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி ஜெசிந்தா நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து மகளின் தட்டுக்குக் கொண்டுபோனாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஆன்சி தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாள்.

"வேண்டாம்மா. ஆறு நாளைக்கு எனக்கு மீன் வேண்டாம். ரசம் இருக்கா?"

ரசம். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த பிள்ளை ரசம் கேட்கிறாள். எங்கள் தெருவில் காய்ச்சல்காரர்களுக்கே மீன் சாறுதான். பெரிய வெள்ளிக்கிழமையன்று உலகத்துக் கத்தோலிக்கர்களெல்லாம் நோன்பிருந்து வாடுவார்கள். நாங்கள் இறைச்சியைத் தியாகம் செய்துவிட்டு சீலா மீனைச் சாப்பிட்டு வாடுவோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி மீனை மறுத்தால் ஒன்று அவளுக்கு உடம்பு சரியில்லை, அல்லது மனசு சரியில்லை.

ஆறு நாள். ஐப்பசி. என் மூளை கூட்டிப் பார்த்தது. திருச்செந்தூரில் சஷ்டி விரதம். சஷ்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த வாரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்பது மட்டும்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டே முடிவுக்கு வந்துவிட்டேன். பெண் பிள்ளை சாமியை மாற்றினால் அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் என்பது எங்கள் தெருவின் விஞ்ஞானம். அந்த மோட்டார் சைக்கிளின் நிறம்கூட எனக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு.

ஜெசிந்தா நர்ஸ். தினமும் ரத்தத்தைப் பார்க்கிறவள். "ரசம் குடிச்சா மதம் மாறிருமா? பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

"ஸ்கூலுக்குப்பா" என்று ஆன்சி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் காதில் வாங்கவில்லை. பதறுகிற மனிதனுக்கு விளக்கம் பிடிக்காது. விளக்கம் பதற்றத்தைக் கெடுத்துவிடும்.

கரியைப் பற்றிக் கேளுங்கள்

இந்த இடத்தில் என் அறிவின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும்.

நான் துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றுகிற ஏஜென்சி ஒன்றில் இருக்கிறேன். கப்பலில் வருகிற கரியைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எந்த நாட்டுக் கரி, எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல், குவித்து வைத்தால் தானாகப் புகையுமா, எல்லாம் சொல்வேன். எதிர்வீட்டு அண்ணாச்சி சனிக்கிழமை மட்டும் ஏன் முட்டை வாங்குவதில்லை என்று கேளுங்கள். தெரியாது. பதினேழு வருஷமாக எதிர்வீடு. கேட்டதில்லை.

பெட்டிக்குள் என்ன சரக்கு என்று தெரியாமல் முத்திரை குத்தினால் எங்கள் தொழிலில் வேலை போய்விடும். மனிதர்கள் விஷயத்தில் அதே காரியத்தைத் தினமும் செய்கிறோம். ஒருவருக்கும் வேலை போனதில்லை.

'மற்றவர்கள்' என்றொரு மதம்

எங்களை வளர்த்த முறை அப்படி.

நான் படித்தது சாமியார்கள் நடத்திய பையன்கள் பள்ளிக்கூடம். வாரத்தில் ஒரு நாள் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிளக்கும். "கத்தோலிக்கப் பிள்ளைகள் இங்கே இருங்கள், மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போங்கள்" என்பார் வாத்தியார். எங்களுக்கு ஞானோபதேசம். மற்றவர்களுக்கு நீதிபோதனை.

ரொம்ப நாளைக்கு நான் 'மற்றவர்கள்' என்பது ஒரு மதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்துவைத்த மதம். அடுத்த அறையில் நீதியைப் போதிக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குவார். பையன்கள் பேப்பர் ராக்கெட் விடுவார்கள். இந்தப் பக்கம் எங்களுக்குக் கேள்வியும் பதிலும். இருபதாம் கேள்வி என்றால் இருபதாம் பதில் நாக்கில் நிற்க வேண்டும். நின்றது. இன்றைக்கும் என்னைத் தட்டி எழுப்பினால் சொல்வேன். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டுவிடக் கூடாது. இருபதாம் கேள்வியை இருபத்தொன்றாகக் கேட்டால் என் விசுவாசம் ஆடிவிடும்.

அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு எங்கள் சாமியைப் பற்றித் தெரியாது. எங்களுக்கு அவர்கள் சாமியைப் பற்றித் தெரியாது. இரண்டு பேருக்கும் சொந்தச் சாமியைப் பற்றித் தெரியுமா என்றும் யாரும் சோதித்ததில்லை. நடுவில் ஒரு மரத் தட்டி. அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாங்கள் நெல்லிக்காய் கைமாற்றிக்கொண்டோம். என் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரே சமய உரையாடல் அதுதான்.

சிஸ்டரின் விதி

ஆன்சி படிப்பது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளி. அங்கேயும் அதே பிளவு இருந்தது, தட்டிக்குப் பதிலாக சிமெண்ட் சுவர். புதிதாக வந்த தலைமை சிஸ்டர், பார்க்க ஒல்லியாக, சத்தமே இல்லாமல் பேசுகிறவர், ஒரு காரியம் செய்தார். "இனிமேல் எல்லாரும் ஒரே அறை" என்றார்.

இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளை ஜோடி சேர்த்தார். ஒரு வீட்டுப் பிள்ளை மற்ற வீட்டு வழிபாட்டில் ஏதாவது ஒன்றைப் பார்த்து, கேட்டு, புரிந்துகொண்டு வகுப்பில் பேச வேண்டும். புத்தகத்தில் பார்த்து எழுதக் கூடாது. பேசும்போது அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் அவர் "அப்படித்தான்" என்று சொன்னால் பாஸ். "அப்படியில்லை" என்றால் போய் மறுபடியும் கேட்டுக்கொண்டு வர வேண்டும். மார்க் கிடையாது.

ஆன்சிக்கு ஜோடி செல்வி. ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற குடும்பம். பிள்ளை இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆன்சியோடு சர்ச்சுக்குப் பூசை பார்க்க வந்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வாயில் சோறு இருக்கும்போதே என்னைப் பார்த்து, "அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

இருபதாம் கேள்வியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"பூசை நேரத்துல ஆம்பளைங்க பாதிப் பேரு வெளிய வேப்பமரத்தடியில நிக்கீயளே, அது என்ன சடங்கு?"

ஜெசிந்தா குசினிக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

"அது... காத்தாட நிக்கிறதும்மா" என்றேன்.

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

"மழை பெஞ்சா?"

"வண்டி நிறுத்துத எடத்துக்குப் போயிருவோம்."

அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். ஏதோ பெரிய தத்துவத்தை மனசில் போட்டுக்கொள்கிற முகம். நான் பிறந்ததிலிருந்து கத்தோலிக்கன். ஒரு கேள்வியில் என்னை மரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

இதெல்லாம் நடந்தபோது நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனாலும் ரசத்தைப் பார்த்த அன்றைக்கு, இந்த வகுப்பும் அந்த ரசமும் ஒரே சங்கதி என்று எனக்குத் தோன்றவில்லை. மோட்டார் சைக்கிள் மறைத்துக்கொண்டது.

ஐஸ்காரரிடம் நெருப்பு கேட்டேன்

மறுநாள் காலையில், அந்த வகுப்புதான் மோட்டார் சைக்கிளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது என்று முடிவு செய்து, ரொசாரியோ அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் எங்கள் சர்ச் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையில் முக்கியமானவர். ஐஸ் கம்பெனியும் தண்ணீர் கேன் வியாபாரமும் வைத்திருக்கிறார். அவர் பேத்தியும் அதே பள்ளியில்தான். ஊரில் யார் வீட்டு விசுவாசம் எவ்வளவு உருகியிருக்கிறது என்ற கணக்கு அவரிடம் இருக்கும்.

"அண்ணாச்சி, ஸ்கூல்ல என்னமோ எல்லா மதத்தையும் ஒண்ணாப் போட்டுச் சொல்லிக்குடுக்காவளாம். எம்பிள்ளை மீனை விட்டுட்டா."

"மீனையா?"

"மீனைத்தான்."

"ஏலே, இத நீ இன்னைக்குத்தான் சொல்லுத? நம்ம பிள்ளைகளக் கெடுக்கதுக்கு நம்ம கன்னியரே கெளம்பிட்டாவளா? நீ சும்மா இரு. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பெற்றோர் கூட்டம் வேண்டும் என்று சிஸ்டரிடம் மனு போய்விட்டது. இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவர், அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது, "எங்க பிள்ளைகள சர்ச்சுக்கு இழுக்கத்தான் இந்த ஏற்பாடு" என்று அதே மனுவில் சேர்ந்துகொண்டார். ஒருவர் தன் பிள்ளை வெளியே போகிறது என்று பயந்தார். இன்னொருவர் தன் பிள்ளையை உள்ளே இழுக்கிறார்கள் என்று பயந்தார். இரண்டும் எப்படி ஒரே வகுப்பில் நடக்கும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை ஆன்சி சொன்னாள்: "அப்பா, நாளைக்குத் திருச்செந்தூர் போறேன். செல்வி அம்மா அங்கதான் விரதம் இருக்காவ. அம்மா போகச் சொல்லிட்டா."

ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கலையவில்லை.

பச்சை வேட்டி

இதற்குப் பிறகு நான் செய்ததை என் எதிரிகூடச் செய்திருக்க மாட்டான்.

ஆன்சியும் செல்வியும் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே திட்டம் போட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக வேவு பார்ப்பது. மோட்டார் சைக்கிள்காரன் வந்தால் அமுக்குவது. ஆனால் என் முகத்தில் தூத்துக்குடி எழுதி ஒட்டியிருக்கிறதே?

திருச்செந்தூரில் இறங்கியதும் முதல் கடையில் பச்சை வேட்டி வாங்கினேன். விரதக்காரர்கள் பச்சை உடுத்துவதை வரும் வழியில் கவனித்துவிட்டிருந்தேன். லாட்ஜ் கழிப்பறையில் மாற்றிக்கொண்டேன். கழுத்தில் மாதா படத்தோடு தொங்கிய உத்தரியக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஒரு பொட்டலம் விபூதி வாங்கி, நெற்றியில் கொஞ்சம் போதாது என்று தோன்றியதால், கன்னம் வரைக்கும் பூசிக்கொண்டேன். கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

கோயிலைச் சுற்றி ஜனங்கள் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். கடல் காற்றில் விபூதி என் கண்ணுக்குள் போனது. எரிச்சலோடு ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆன்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்வி. எதிரே பச்சைச் சேலையில், வெயிலில் கறுத்து, காலில் பித்தவெடிப்போடு ஒரு அம்மாள். செல்வியின் அம்மா பேச்சியம்மாள்.

மோட்டார் சைக்கிள் எதுவும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"பசிக்கலியா அத்தை?" என்று ஆன்சி கேட்டாள்.

"பசிக்காம? பசிக்கலன்னா அது என்ன வெரதம்? காலையில பக்கத்துல ஒருத்தி இட்லிய நெனச்சு அழுதா."

"முருகன்ட்ட என்ன கேட்டிய?"

பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "கேக்கணும்னு நெறைய வச்சிருந்தேன் தாயி. கண்ண மூடுனா மேல்வயக்காரி வரப்ப வெட்டுனதுதான் முன்னால வந்து நிக்குது. முருகன் வரதுக்கு எடமே குடுக்க மாட்டங்கா அந்த மூதி."

மூன்று பேரும் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னால் நானும் சிரித்துவிட்டேன். வேவு பார்க்கிறவன் செய்யக் கூடாத காரியம்.

ஆன்சி திரும்பினாள். என் மகள் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பச்சை வேட்டியில் ஒரு தடவை நின்று மறுபடி முகத்துக்கு வந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"விபூதிய மூணு வெரலால நெத்தியில பூசணும்ப்பா" என்றாள். "நீங்க பவுடர் அடிச்ச மாதிரி அடிச்சிருக்கீய."

"யாரு, ஒங்கப்பாவா?" என்று பேச்சியம்மாள் எழுந்துகொண்டாள். "வாங்க அண்ணாச்சி. நீங்களும் வெரதமா?"

எனக்கு வாயில் வந்த ஒரே வார்த்தை, "ஆமா." காலையில் புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வந்திருந்தேன். சால்னா தொண்டை வரைக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அந்த அம்மாள் எனக்குப் பாயில் இடம் ஒதுக்கினாள். தண்ணீர் கொடுத்தாள். வேஷத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, சாமியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆன்சி பேசப் போகிற நாளில் தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து எதிரில் உட்கார வேண்டும் என்பதில்தான் அவளுக்குக் கவலை. "நாற்காலியிலயா உக்கார வைப்பாவ? டீச்சர்மாரு நிக்க நான் உக்காரலாமா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். நாற்றங்கால் வேலையைக்கூட ஒருநாள் தள்ளி வைத்திருக்கிறாளாம்.

திரும்பும்போது ஆன்சி என்னோடு பேசிக்கொண்டே நடந்தாள். "முழுசாப் பட்டினி கெடக்க எனக்கு முடியாதுப்பா. அதான் பிடிச்சத மட்டுமாவது விட்டுப் பாப்போம்னு மீனை விட்டேன். எதையும் விடாம, அவிய விட்டதப் பத்தி நான் என்னன்னு பேச?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது எதிரே ஒரு குட்டி லாரியிலிருந்து தண்ணீர் கேன்கள் இறங்கிக்கொண்டிருந்தன. லாட்ஜுகளுக்கு சப்ளை. லாரிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர் ரொசாரியோ அண்ணாச்சி.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நீங்க இங்கன..." என்றேன்.

"நான் யாவாரத்துக்கு வந்தேன். நீ எதுக்கு வந்த?"

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் படம் அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. தெருத் தெருவாகக் கூடி ஜெபிக்கிறவர்களுக்கான குழு அது. எனக்காக ஜெபிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மும்மத ஒற்றுமை

கூட்டம் அடுத்த புதன்கிழமை. அதற்கு முன்னால் ஆன்சி ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க ஆரம்பிச்சு வச்சதுதானப்பா. நீங்களே எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேசணும். அத்தைட்ட வரச் சொல்லியாச்சு."

சொல்கிறேன் என்றேன். ஸ்கூட்டரில் போகும்போது பேசிப் பார்த்தேன். சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நன்றாகவே பேசினேன்.

ஹாலில் நல்ல கூட்டம். ரேங்க் கார்டு கொடுக்கிற நாளில்கூட இவ்வளவு அப்பாக்களை அங்கே பார்த்ததில்லை. ரொசாரியோ அண்ணாச்சி எழுந்து, பிள்ளைகளுக்கு சொந்தச் சாமி போதும் என்றார். கைதட்டல். இரும்புக்கடைக்காரர் எழுந்து, அதைத்தான் நானும் சொல்லுதேன், எங்க பிள்ளைகளுக்கும் சொந்தச் சாமி போதும் என்றார். அதே கைகள் தட்டின. காயல்பட்டினத்துப் பக்கத்துச் செருப்புக்கடை பாய் ஒருவர் மிகவும் பதவிசாக எழுந்து, "எனக்கு இதுல ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஒரு சந்தேகம். இதுக்கு மார்க் உண்டா?" என்றார்.

"இல்லை" என்றார் சிஸ்டர்.

ஹால் முழுவதும் ஒரு பெருமூச்சு. அதோடு முடிந்தது. சாமிகளுக்காக வாதாட வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் ஒரே மதத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கணக்குல பாதிப் பாடம் நிக்குது."

"ட்யூஷனுக்கு வேற தனியாக் குடுக்கோம்."

"இதப் படிச்சு எந்தக் காலேஜில சீட்டு வாங்க?"

நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம். எம்பிள்ளை..."

"இருங்க, இருங்க" என்றார் ரொசாரியோ அண்ணாச்சி. போனை உயர்த்திப் பிடித்தார். "பிள்ளையப் பத்தி அப்பறம் பேசுவோம். இந்த வகுப்பு வந்து ரெண்டு மாசத்துல அப்பனே என்ன வேஷத்துல நிக்கான்னு எல்லாரும் பாருங்க."

போன் கைமாறிக் கைமாறி வரிசைகளில் போனது. போகிற வழியெல்லாம் சிரிப்பு.

"நான் கும்பிடப் போகல, வேவு பாக்கத்தான் போனேன்" என்றேன். உண்மை. அதைவிட மோசமான ஒன்றை நான் சொல்லியிருக்க முடியாது. "வேவு பாக்குத அளவுக்கு விஷயம் முத்திப்போச்சு, கேட்டுக்கிடுங்க" என்றார் இரும்புக்கடைக்காரர். அதற்கு மேல் பேச என்னிடம் இருந்த பேச்சு சிக்னலிலேயே செலவாகிவிட்டிருந்தது.

அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரே பஸ்ஸில் போகிறோம். ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிறோம். திருச்செந்தூருக்குத் தண்ணீர் கேன் விற்கிறோம், அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குக் குண்டு பல்பு வாடகைக்கு விடுகிறோம், பெருநாளைக்குப் பிரியாணி வாங்கித் தின்கிறோம். பக்கத்து மனிதன் எதற்காகப் பட்டினி கிடக்கிறான் என்பது மட்டும் வேண்டாமாம், அதற்கு மார்க் இல்லையாம். பதினாலு வயசில் ஒரு பிள்ளை போய் "பசிக்கலியா?" என்று கேட்காவிட்டால், நாற்பத்தெட்டு வயசில் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நான் சாட்சி. எனக்கு ஞானோபதேசத்தில் எப்போதும் முதல் பரிசு.

வகுப்பை நிறுத்தலாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லா மதத்தாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்" என்றார், அதே சத்தமில்லாத குரலில். "எங்கள் வகுப்பில்கூட இது நடக்கவில்லை."

அது பாராட்டு என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

ஏரல் பஸ்

வகுப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, பேச்சியம்மாளைத் தவிர. செல்வி ஹாஸ்டலிலிருந்து போன் செய்திருக்கிறாள். வயலில் இருந்த அம்மாவுக்கு மணி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்சியைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத நல்ல சேலை, தலையில் பிச்சிப்பூ, கையில் ஒரு ஒயர் கூடை. மத்தியானமே வந்துவிட்டாளாம். வகுப்பு கிடையாது என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மகளை லீவுக்கு அழைத்துப் போகலாம் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் வர நேரமாயிட்டோ அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று எந்தக் கேள்வி-பதிலிலும் வரவில்லை.

பிள்ளைகள் வந்ததும் நாலு பேரும் ஆட்டோவில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஏரல் பஸ் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் பேச்சியம்மாளை உட்கார வைத்துவிட்டு ஆன்சி அவளுக்கு எதிரே போய் நின்றாள். பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "பஸ் வாரதுக்குள்ள சொல்லிருதேன் அத்தை" என்றாள்.

சொன்னாள். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மேலே கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பாயைப் பற்றி, பசியைப் பற்றி, இட்லியை நினைத்து அழுத பெண்ணைப் பற்றி, கண்ணை மூடினால் வரப்பு வந்து நிற்பதைப் பற்றி. பக்கத்து பெஞ்சில் கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர் தின்பதை நிறுத்திவிட்டார்.

பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ஒண்ணு மட்டும் தப்பு" என்றாள். "ஒண்ணுமே திங்காமக் கெடந்தேன்னு சொன்ன பாத்தியா. ராத்திரிக்கு நான் பாலும் பழமும் எடுத்துக்கிடுவேன். முருகனுக்குத் தெரியும், நாம ஏன் கூட்டிச் சொல்ல? மத்தபடி அப்படித்தான்."

"ஏளா, நீயும் சொல்லு" என்று மகளைப் பார்த்துச் சொன்னாள். செல்வி எனக்கு எதிரே வந்து நின்றாள். நான் உட்கார வேண்டியதாகிவிட்டது.

"இவிய கோயில்ல ஆம்பளைங்க வேப்பமரத்தடியில நிக்காவ" என்று ஆரம்பித்தாள் அவள். "ஏன்னு பத்துப் பேர்ட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. உள்ள என்ன நடக்குன்னு காதுல விழும், கண்ணுல தெரியாது. அங்கன நின்னு மீன் வெலை, கப்பல் வேலை எல்லாம் பேசுவாவ. ஆனா உள்ள மணியடிச்சா எல்லாரும் பேச்ச நிப்பாட்டிருவாவ. ஒரு வாரமும் தவறாம வாராவ. உள்ள போகவும் மனசில்ல, வீட்டுக்குப் போகவும் மனசில்ல."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள், கடலைக்காரரையும் சேர்த்து.

"அப்படித்தான்" என்றேன்.

ஏரல் பஸ் வந்தது. பேச்சியம்மாள் ஒயர் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து ஆன்சியிடம் கொடுத்துவிட்டு மகளோடு ஏறிக்கொண்டாள்.

ஆன்சி மதம் மாறவில்லை. சஷ்டி முடிந்த மறுநாளே மீன் சாப்பிட்டுவிட்டாள். அந்தப் பீரியடில் இப்போது கணக்கு நடக்கிறது.